பாத்ரூமில் வழுக்கி விழுந்தவள்

1

நேற்று என் வலது கையின் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து வந்த கை என்னுடையது போலவே இல்லை. வெளுத்து, மெலிந்து, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தது மாதிரி இருந்தது. வெட்டிய பெண், கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா, குப்பையில் போடட்டுமா என்று கேட்டாள். குப்பையில் போடச் சொன்னேன். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாம்பழ நிறப் பட்டுத்துணிக் கிழிசலை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டேன். அந்தக் கிழிசலின் கதைதான் இது. என் குடும்பத்தாரும் படிக்கலாம். படித்தாலும் நம்பப் போவதில்லை.

நான் இருப்பது நியூசிலாந்தில், ரோட்டருவா என்ற ஊரில். மண்ணுக்கடியிலிருந்து கந்தகப் புகை வந்து, ஊரே அழுகிய முட்டை வாசனை அடிக்கும். சுற்றிலும் மலை, மலை முழுக்கக் காடு, காடு முழுக்க சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வெட்டிய மண்பாதைகள். நாற்பது வயதில் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமை காலையில் நாங்கள் ஐந்து பெண்கள் மேலே ஏறி, வேர்களிலும் பாறைகளிலும் குதித்துக் குதித்து இறங்கி வருவோம். இறங்கும்போது தலையில் வேறு எந்த நினைப்பும் இருக்காது. வீட்டுக் கடன், மகள் இனியாவின் மௌனம், அலுவலக மேலாளரின் முகம், ஒன்றும் இருக்காது.

வெள்ளைக்காரன் பெண்களை மதிப்பவன் என்று நம்மூரில் ஒரு எண்ணம் இருக்கிறது. மதிப்பான், அவளுடைய புருஷன் பக்கத்தில் இல்லாதபோது. சைக்கிள் வாங்கப் போன கடையில் அந்த ஆள், பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் முழுக்க முழுக்க என் கணவர் முரளியிடமே விளக்கினான். முரளிக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. மனிதர் பெரிய நிபுணர் மாதிரி தலையாட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் அவன் "உங்கள் மனைவிக்கு இது அழகாக இருக்கும்" என்று ஊதா நிற வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். மலையிலும் அதே கதைதான். என்னைத் தாண்டிப் போகும் ஆண்கள் எல்லோரும் "சபாஷ், நன்றாக ஓட்டுகிறாய்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு ஆணிடம் இன்னொரு ஆண் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? தமிழர் பொங்கல் விழாவில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்ப்பப்பை எறங்கிடும்மா" என்றார். இன்னொருத்தி, "மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சே" என்றாள். மூன்றாமவள் மட்டும் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று கேட்டாள்.

மார்கழியில் விழுந்தேன். மழையில் நனைந்த வேர் ஒன்று முன்சக்கரத்தைத் தட்டிவிட, கைப்பிடிக்கு மேலாகப் பறந்து போய் விழுந்தேன். வலது மணிக்கட்டில் முறிவு, கண்ணுக்குக் கீழே நல்ல அடி. மருத்துவமனையில் நர்ஸ் முதல் வேலையாக முரளியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா? வீட்டில் உனக்கு பயம் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கறுத்த தோல் என்றால் புருஷன் அடிப்பான் என்று முடிவே செய்துவிட்டாயா என்று கேட்டேன். வருகிற எல்லாப் பெண்களிடமும் கேட்பது இங்கே விதி என்றாள். சைக்கிளில் விழுந்தேன் என்றதும், எந்தப் பாதை என்று கேட்டாள். சொன்னேன். "அந்த வேரா! என் தங்கையும் அங்கேதான் விழுந்தாள்" என்று சிரித்தாள். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு சென்னைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

2

தை மாதம் தம்பி சங்கருக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். நான் ஒரே அக்கா. அந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் டிக்கெட் போட்டிருந்தேன்.

கை முறிந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா சங்கரன்கோவில்காரி. மந்தைவெளியில் குடியேறி எத்தனையோ வருடமாகியும் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, மலையில சைக்கிள் ஓட்டி விழுந்தேன்னு எவகிட்டயும் சொல்லித் தொலைக்காத. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க? பொம்பளப் பிள்ளைய அவுத்து விட்ட குடும்பம்னு நினைக்க மாட்டாங்களா?"

"வேற என்னம்மா சொல்றது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் பதில் சொல்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. கோமதி பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், பயப்பட ஒன்றுமில்லை, கூடவே கும்பிடும் கை எமோஜி நான்கு. பதில்கள் வந்து குவிந்தன. ரப்பர் மேட் போடு. கால்சியம் மாத்திரை சாப்பிடு. பாத்ரூம் எந்த மூலையில் இருக்கிறது, ஈசானியமா? நாற்பத்து நான்கு வயதுப் பெண் வழுக்கி விழுவதற்கு நம்மவர்களிடம் எவ்வளவு ஆலோசனை இருக்கிறது! கல்யாணத்துக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

முரளிக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வர முடியும். நானும் இனியாவும் முதலில் போனோம். சென்னை விமான நிலையத்தில் வலது கையின் ரேகை கேட்ட அதிகாரியிடம் கட்டைக் காட்டினேன். வேறு கவுன்டருக்குப் போகச் சொன்னார். அங்கிருந்தவர் முதல் கவுன்டருக்கே திருப்பி அனுப்பினார். முதல் அதிகாரி பெருமூச்சு விட்டு இடது கையை வாங்கிக்கொண்டே, "இன்னா மேடம், பாத்ரூமா?" என்றார்.

மந்தைவெளி வீட்டில் சொந்தங்கள் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவள் சித்தி, அம்மாவின் தங்கை. இனியாவின் கன்னத்தை வழித்து, "எப்படிடி கண்ணு விழுந்தா உங்கம்மா?" என்று கேட்டாள். இனியாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், ஆனால் பேச வாய் வராது. பொய் சொல்ல எந்த மொழியிலும் வராது. என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சித்தி அவள் போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைக்கிறாளாக்கும் என்று நான் நினைத்தேன்.

சென்னையில் உண்மையைச் சொல்ல அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே ஆள், தி.நகருக்குப் போன ஆட்டோக்காரர்.

"இன்னாம்மா, கையில இம்மாம் பெரிய கட்டு?"

"மலையில சைக்கிள் ஓட்டினேன். விழுந்துட்டேன்."

"மலையிலயா? அங்க ரோடு இல்லியா?"

"இருக்குங்க."

"ரோடு கீதுன்ற, அப்பறம் இன்னாத்துக்கு மலையில போற?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பாரின் போனாலும் கஷ்டம்தான் போல."

அந்தப் பயணம் முழுக்க நான் சிரித்துக்கொண்டே போனேன். என் சொந்தக்காரர்களைவிட அவர் எவ்வளவோ மேல். நான் சொன்னதையாவது நம்பினார்.

3

எங்கள் கடை தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில். மேட்சிங் பிளவுஸ் துணி மட்டும்தான் விற்போம். எந்த நிறப் புடவையோடு வந்தாலும் அதற்கேற்ற துணி எங்களிடம் கிடைக்கும் என்பது அப்பா காலத்துப் பெருமை. என் கட்டு கிளிப்பச்சை. ரோட்டருவாவில் கட்டு போடும்போது நிறம் கேட்பார்கள், இனியா தேர்ந்தெடுத்தாள். அதன்மேல் என்னோடு மலை ஏறும் நான்கு பேரும் கிறுக்கியிருந்தார்கள், சக்கரம் வரைந்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அளவு டேப்பைக் கொண்டுவரச் சொன்னாள். நாத்தனார் முடிச்சுப் போட எனக்கு எடுத்த புடவை மாம்பழ நிறம் என்பதால், கட்டுக்கும் மாம்பழ நிறப் பட்டில், அரக்கு பார்டர் வைத்து ஓர் உறை தைக்க ஏற்பாடானது. முறிந்த எலும்புக்கும் மேட்சிங் போட்ட ஒரே பரம்பரை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடை மாடிப்படிக்குக் கீழே இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே என் சைக்கிள் நின்றது. எட்டாம் வகுப்பு வரை அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். பாண்டி பஜாரில் பஸ்ஸை முந்துவேன். நான் பெரியவளான வாரமே, "இனிமே ரிக்‌ஷாவுல போ" என்று சொல்லி சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பிக்கு அப்போது ஐந்து வயது, சீட்டில் தூக்கி வைத்தாலும் பெடலுக்குக் கால் எட்டாது. அவன் கால் வளரும்வரை அது மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. வளர்ந்ததும் அவன் ஸ்கூட்டர் கேட்டான். யாருமே ஓட்டாத சைக்கிள் பரவாயில்லை, பெண் ஓட்டக்கூடாது. மண்ணோடு போனாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு வைத்த கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

4

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கல்யாணப்பெண் நிவேதா அடையாறிலிருந்து தனியாக வந்தாள். பிளவுஸ் அளவு சரிபார்க்க என்று எல்லோரிடமும் சொன்னாள். என் அறைக்குள் வந்ததும் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் உங்கள அடிக்கிறாரா?"

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. "யாரு?"

"உங்க வீட்டுக்காரர். பாத்ரூம்ல விழுந்தேன்னு சொன்னா அதுக்கு வேற அர்த்தம்னு எங்கம்மா சொல்றாங்க. எங்க பெரியம்மாவும் காலமெல்லாம் பாத்ரூம்லதான் விழுந்துட்டு இருந்தாங்க." கண்ணுக்குக் கீழே இருந்த கன்றிப்போன இடத்தைப் பார்த்தாள். "உங்க சித்தி எங்க வீட்டுக்கு வந்தப்போ, பொண்ணு இனியா வாயே திறக்க மாட்டேங்குது, என்னத்தையெல்லாம் பாத்துச்சோன்னு அழுதாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு அண்ணி. ஆனா யாரும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சங்கர்கூட கேக்கல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் இந்த வீட்ல யாரும் கேக்க மாட்டாங்கதானே? அதான் உங்ககிட்ட கேட்டுட்டு, கல்யாணம் வேணுமா வேண்டாமான்னு நானே முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

ரோட்டருவா நர்ஸ் கேட்ட கேள்வியை, சென்னையில் ஒரே ஒருத்திதான் கேட்டாள். அதுவும் இன்னும் இந்த வீட்டுக்கு வராதவள்.

போனை எடுத்துக் கொடுத்தேன். நான் விழுந்ததைப் பின்னால் வந்த தோழி படம் பிடித்திருந்தாள். முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், பறக்கிற சைக்கிள், சேற்றில் நான். உடனே "அய்யோ அம்மா, செத்தேன்!" என்ற என் அலறலும், அதைத் தொடர்ந்து எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து வசவு ஒன்றும், நியூசிலாந்துக் காடெல்லாம் எதிரொலிக்கும்படி தெளிவாகக் கேட்கும். நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"மறுபடி ஓட்டுவீங்களா?"

"கட்டு பிரிச்ச மறுநாளே."

"அப்போ எதுக்கு பாத்ரூம்னு சொன்னாங்க?"

அவளை அனுப்பிவிட்டு அம்மாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முரளி பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஊரே பேசுவது தெரியுமா என்று கேட்டேன். அம்மா முருங்கைக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"காதுல விழுந்துச்சு."

"அது பொய்னு உனக்குத் தெரியும்லம்மா. ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எம்மக மலையில சைக்கிள் ஓட்டிக் குப்புற விழுந்தாள்னா?"

"புருஷன் அடிச்சான்னு பேசறது அதவிடப் பரவாயில்லையா?"

அம்மா நிமிர்ந்து, நிஜமாகவே புரியாதவளாக என்னைப் பார்த்தாள். "அது எல்லா வீட்லயும் நடக்கறதுதானட்டி."

அம்மாவின் கையைப் பார்த்தேன். அப்பா இருந்தவரை அம்மாவும் எத்தனை முறை பாத்ரூமில் விழுந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

5

அன்று சாயங்காலமே எல்லோரையும் கூடத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன். மலை, வேர், சைக்கிள், எல்லாம் சொன்னேன். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புருஷனக் காப்பாத்தறதுக்கு எப்படியெல்லாம் கதை கட்டுது பாரு எம்பிள்ளை."

அதோடு முடிந்தது. பொய்யை ஒரே நிமிடத்தில் நம்பியவர்கள், உண்மைக்கு சாட்சி கேட்டார்கள். மணிக்கட்டில் கட்டு போட்டவள் தாலியைத் தொடுவது அபசகுனம் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. நாத்தனார் முடிச்சை சித்தி மகள் போடட்டும் என்று முடிவு செய்தார்கள். என்னிடம் சொல்லவில்லை, அவளுக்கு மாம்பழ நிறப் புடவை வாங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முரளி வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மனைவியின் கையை முறித்தவன் என்று இவர்கள் மனதார நம்புகிற மனிதரை ஒருவராவது முறைத்தார்களா? முதல் பந்தியில் முதல் இலை போட்டார்கள். கேட்காமலே மூன்றாவது அப்பளம் வைத்தார்கள். மாமாக்கள் எழுந்து நின்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். மனிதர் என் காதருகே வந்து, "இந்தத் தடவை உங்க வீட்ல ஏன் இப்படி பயந்து பயந்து பரிமாறுறாங்க?" என்றார். சொன்னேன். அப்பளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அதையும் அவர்கள் முன்கோபம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நந்தனம் மண்டபத்தில் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்ட, சங்கர் முதல் முடிச்சைப் போட்டான். சித்தி மகள் முன்னால் வந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தாமல் நிவேதா கையை உயர்த்தினாள்.

"அண்ணி வரட்டும்."

"நேரமாகுதும்மா, அவளுக்குக் கை…" என்றாள் சித்தி.

"அண்ணி வர்ற வரைக்கும் நான் நிமிர மாட்டேன்."

நான் மேடைக்கு ஓடினேன். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள்தான் தெரிந்தன. பட்டு உறை அதையும் மூடிக்கொண்டு நின்றதால் மஞ்சள் கயிறு வழுக்கி வழுக்கிப் போனது. நாயனக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தார். எனக்குப் பின்னால், கல்யாணம் முழுக்க போனுக்குள் புதைந்து கிடந்த இனியா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்தாள், உறையின் தையலைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் கிழித்துப் போட்டாள். கிளிப்பச்சைக் கட்டு, அதன்மேல் நான்கு பெண்களின் கிறுக்கல், கோணலான சக்கரம், எல்லாம் மண்டபத்துக்கே தெரிந்தது. நிவேதா கயிற்றின் ஒரு நுனியைத் தானே பிடித்துக் கொடுத்தாள். இடது கையாலும் வலது விரல்களின் நுனியாலும் இரண்டு முடிச்சும் போட்டேன். இறுக்கியே போட்டேன்.

கீழே இறங்கியதும் சித்தியிடம் வீடியோவைக் காட்டினேன். மேளச் சத்தத்தில் என் அலறல் அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சியே தெரியலயேடி. யாரோ வெள்ளைக்காரி" என்றாள். பிறகு என் தலையைத் தடவி, "எவ்வளவு அடி வாங்கினாலும் புருஷன விட்டுக் குடுக்காதவ நீ. உன் கையால முடிச்சு விழுந்தது அந்தப் பொண்ணோட பாக்கியம்" என்றாள்.

அபசகுனமாக இருந்த கை ஒரே நாளில் பாக்கியமானது இப்படித்தான். மலை ஏறியதற்காக வெட்கப்பட்டவர்கள், அடி வாங்கியவள் என்று என்னைக் கும்பிட்டார்கள்.

6

நேற்று கட்டு பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சித்தி போன் செய்தாள். முரளி சமையலறையில் இனியாவுக்கு தோசை வார்த்துக்கொண்டிருந்தார். இனியா என் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், கேட்காமலே. நிவேதா வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லாம் நன்றாகத்தான் போகிறதாம், ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

"கை எப்படிடி இருக்கு?" என்றாள் சித்தி.

"சரியாயிடுச்சு சித்தி."

"மாப்பிள்ளை இப்போ எப்படி இருக்காரு? ஒழுங்கா இருக்காரா?"

இனிமேல் விளக்குவதில் பயனில்லை என்று தோன்றியது. "சித்தி, நாளைக்கு நான் மலைக்குப் போறேன். சைக்கிள்ல."

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். எதிர்முனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"போயிட்டு வா கண்ணு. தினமும் போ. வீட்ல இல்லாம இருக்கறதே உனக்கு நல்லது."

போனை வைத்தேன். முரளி தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்து, சித்தி என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"மலையில சைக்கிள் ஓட்ட எனக்கு அனுமதி கிடைச்சாச்சு" என்றேன். "உங்களாலதான்."